உள்ளே விட்ட துணி

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் என் கடை.
ஒரு மிஷின், ஒரு ஓவர்லாக்,
ஆளுயரக் கண்ணாடி, இடுப்புயர ஃபிரிட்ஜ்.
தண்ணீர் பாட்டிலும் சாயங்காலத்துக்கு வாங்கிய மல்லியும்
இருந்த இடத்தில்
போன ஆவணியில் வந்து சேர்ந்தது
தமயந்தி மேடத்தின் பேனா.

எழுதாத பேனா.
வியாழக்கிழமை பேங்க் லஞ்ச் டயத்தில் வருவார்.
திரையை இழுத்துக்கொள்வார்.
ஒரு கிளிக்.
பத்துவரை எண்ணுவது வெளியே கேட்கும்.
வீட்டில் வைத்தால் நாத்தனார் கண்ணில் படுமாம்,
"வாயைக் கட்ட வக்கில்லாம
வயித்துல ஊசி குத்திக்கிறா" என்று
ஒரு சொல் வந்துவிடுமாம்.

அந்த ஊசியை ஒருமுறை காட்டினார்.
பட்டுக்கு நான் போடும் ஒன்பதாம் நம்பரை விட
மெலிசு.

என் அளவு நோட்டில் எல்லாருக்கும் பேனா மை.
அவருக்கு மட்டும் பென்சில்.
ஆவணியில் நாற்பத்துநாலு.
கார்த்திகையில் நாற்பத்தொன்று.
மாசியில் முப்பத்தெட்டு.
பிடித்துப் பிடித்துத் தைத்தேன்,
ஒரே ஜாக்கெட்டை மூன்று தரம்.

பொய் சொல்லக்கூடாது.
முட்டி வலியால் என் கடைப் படி மூன்றையும்
கைப்பிடித்து ஏறியவர்
ஸ்கூட்டி சாவியைச் சுழற்றிக்கொண்டு ஏறினார்.
சர்க்கரை இறங்கியது.
கண்ணாடியில் பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்,
அதுவரை பார்த்ததில்லை.

கையைத் தூக்கச் சொல்லி டேப் வைத்தபோதுதான்
எனக்கு ஒரு மாதிரி ஆனது.
கொழுப்போடு சதையும் போகுமாம்.
டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னாராம்.
முட்டை என்றாலே குமட்டுமாம்.
சீப்பில் முடி.

"ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் வறுத்தா வேணாங்கிறதில்ல பிலோ,
வேணுங்கிறதும் இல்ல.
ராத்திரி கரண்ட் போயி
ஃபேன் சத்தம் நின்னா முழிப்பு வருமே,
அப்படி இருக்கு உள்ள."

தை பிறந்ததும் நாலு பேனா ஆகிவிட்டது.
ரப்பர் பேண்டில் துண்டுச் சீட்டு, சீட்டில் பெயர்.
வைகாசியில் கல்யாணம் வைத்திருந்த மோனிஷா
என் டேப்பில் இருபத்தொன்பது இடுப்பு.
"மூணே மாசம்தான்க்கா, போட்டோவுக்கு."
யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.
சிரித்தாள்.
மல்லிக்கு இடமில்லை,
வாங்குவதை விட்டுவிட்டேன்.

இருபது வருஷம் போட்டால் என்ன ஆகும் டாக்டர் என்று
தமயந்தி மேடம் கேட்டாராம்.
"இருபது வருஷம் கழிச்சு வாங்க, பாத்துச் சொல்றேன்."
நல்ல டாக்டர், தெரியாததைத் தெரியாது என்கிறார்.
நிறுத்தினால்?
அதற்கு அவர் சிரிக்கவில்லையாம்.

பங்குனியில் நிறுத்தினார்.
பையனுக்கு காலேஜ் ஃபீஸ்,
மாச பேனாக் காசு
அப்படியே அங்கே போனது.
மூன்று வாரத்தில் ஃபேன் திரும்ப ஓட ஆரம்பித்ததாம்,
முன்பைவிட வேகமாக.
ராத்திரி பதினோரு மணிக்கு
தட்டுகூட எடுக்காமல் குக்கர் சோறு.

ஆடி வெள்ளிக்கு
அந்த மயில்கழுத்து ஜாக்கெட்டோடு வந்தார்.
படியில் நின்று மூச்சு வாங்கினார்.
"உள்ள இருந்ததை வெட்டிட்டீங்களா பிலோ?"

வெட்டவில்லை.
வெட்டுகிற கை எனக்குக் கிடையாது.
பிள்ளை பெற்றவர்கள், தைராய்டு வந்தவர்கள்,
மதுரைக்கு மாற்றலாகிப் போய் இளைத்துத் திரும்பியவர்கள்,
எத்தனை உடம்பு பார்த்தாயிற்று.

பிளேடால் தையலைப் பிரித்தேன்.
வெளியே வெளுத்திருந்தது.
உள்ளே மடிந்து கிடந்தது மட்டும்
கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில்
இரண்டு விலாவிலும் இரண்டு பட்டை.
ஓரத்தில் வரிசையாய் ஊசி ஓட்டைகள்,
மூன்று வரிசை.
தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன்.
போகவில்லை.

போட்டுப் பார்த்தார். சேர்ந்தது.
கொக்கி மாட்டிக்கொண்டே
திரைக்குள்ளிருந்து கேட்டார்:
அடுத்த மாசம் அரியர்ஸ் வருகிறது,
ஃபிரிட்ஜில் அந்த இடம் இருக்கிறதா என்று.

நோட்டைத் திறந்தேன்.
நாற்பத்திரண்டு.
பென்சிலிலேயே எழுதினேன்.
இருக்கு மேடம் என்றேன்.